லீவுக்கு ஒரு கவாத்து

மதுரை காளவாசல் சிக்னல் பக்கம் தள்ளுவண்டியில் கறுப்புத் திராட்சை விற்கிறவர் ஊர்ப்பெயரையும் சேர்த்துத்தான் கூவுவார். "கம்பம் பன்னீரு... கம்பம் பன்னீரு..." காலையில் வெள்ளைப் பொடி பூத்து மினுங்கும் குலைகளில் சாயங்காலத்துக்குள் பாதிப் பழம் காம்பை விட்டுத் தட்டில் உருண்டு கிடக்கும். மிச்சத்தை அவர் பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார். பன்னீர் திராட்சையின் குணம் அப்படி. மஸ்கட் ஹாம்பர்க் என்கிற வகை. தோல் மெல்லிசு, சாறு அதிகம், வாசனை அபாரம், ஆயுசு கம்மி. வடக்கிலிருந்து லாரியில் வரும் பச்சைத் திராட்சை பெட்டிக்குள் நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். இது இரண்டு கை மாறினாலே களைத்துப்போகும்.

அதனாலோ என்னவோ, இந்தப் பழம் காய்க்கும் இடத்துக்கே ஆட்கள் போக ஆரம்பித்துவிட்டார்கள். தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி பக்கத்துத் தோட்டங்களில் விடுமுறை நாளென்றால் கேரளப் பதிவெண் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. நம் ஊர்க்காரர்களுக்குத்தான் இது தாமதமாகத் தெரிந்தது. விவசாயச் சுற்றுலா என்று அரசாங்கக் கோப்புகளில் எழுதுகிறார்களே, அது யாரும் திட்டம் போடாமல் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாமென ஆரப்பாளையத்தில் குமுளி பஸ் ஏறினேன்.

பஸ் காளவாசல் மேம்பாலத்தின் அடியில் நுழைந்து தேனி ரோட்டைப் பிடித்தது. வலப்பக்கம் நாகமலை கூடவே வரும். விராட்டிப்பத்து, அச்சம்பத்து, நாகமலைப் புதுக்கோட்டை. ஒரு காலத்தில் வயலாக இருந்த இடங்களில் இப்போது மஞ்சள் பெயின்ட் அடித்த பிளாட் கற்கள். பல்கலைக்கழகம் தாண்டிச் செக்கானூரணி வரும்வரை நடுநடுவே 'ஃபார்ம்' என்று முடியும் போர்டுகளும் தென்பட்டன. அந்த மாதிரி ஓரிடத்துக்கு முன்பொரு முறை ஒரு காதுகுத்துக்காகப் போயிருக்கிறேன். நீச்சல் குளம், பிளாஸ்டிக் புல், வரிசையாக நட்ட பத்துத் தென்னை, பெயின்ட் அடித்து நிறுத்திய மாட்டு வண்டி எல்லாம் இருந்தன. மாடுதான் இல்லை. விளைகிற பொருள் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதை ஓட்டல் என்று சொல்லிவிட்டால் எனக்கு ஒரு சண்டையும் கிடையாது.

உசிலம்பட்டி வரை நிலம் வானத்தைப் பார்த்துக் கிடக்கிற நிலம். ஆண்டிப்பட்டிக் கணவாய் ஏறி இறங்கினால் காற்று மாறும். மதுரையிலிருந்து தேனி வரை இந்தப் பாதைக்கு இணையாக அகலப்பாதை ரயிலும் 2022 முதல் ஓடுகிறது, அடுத்த ஆண்டு போடி வரைக்கும் போய்விட்டது. ஆனால் கம்பத்துக்கு ரயில் இல்லை. பஸ்தான் கதி.

சின்னமனூரில் மாப்பிள்ளை ஏறிக்கொண்டார். என் மனைவியின் தம்பி, வாழைக்காய் வியாபாரி. எதைப் பார்த்தாலும் "கிலோ என்ன வெல மாமா போகும்?" என்பவர். அவர் ஏறிய இடத்திலிருந்து நிலத்தின் நிறமே வேறு. 1895-இல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் இறங்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரை நம்பித்தான். அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்கு லோயர் கேம்பில் அரசு மணிமண்டபம் கட்டியது 2013-இல். அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே டீக்கடைச் சுவரிலும் பிள்ளைகள் பெயரிலும் அவர் குடியேறிவிட்டார். அணை இருப்பது கேரளத்தில், பாசனம் தமிழ்நாட்டில். இப்போது அந்தத் தண்ணீர் வந்த திசையிலிருந்தே விருந்தாளிகளும் இறங்கி வருகிறார்கள். தேக்கடிக்கு வருகிற குடும்பங்கள் குமுளி மலைப்பாதையில் கீழே வந்தால் முதலில் லோயர் கேம்ப், அடுத்து கூடலூர், அப்புறம் கம்பம். ஏலமும் மிளகும் அவர்கள் வீட்டுக் கொல்லையிலேயே உண்டு. தலைக்கு மேல் பந்தல் போட்டுக் கறுப்புக் குலை தொங்குவதுதான் அதிசயம்.

சுருளி அருவிக்குப் போகிற ரோட்டில் மாப்பிள்ளைக்குத் தெரிந்த ஒரு தோட்டத்துக்குப் போனோம். வாசலில் ஓலைக் கொட்டகை, மேசை மேல் தராசு, பக்கத்தில் மிக்ஸி. திராட்சை ஜூஸ் அங்கேயே அடித்துத் தருகிறார்கள். தமிழ் போர்டுக்கு மேலே அதைவிடப் பெரிதாக மலையாள போர்டு. தோட்டக்கார அம்மா தராசில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் "வாங்க தம்பி" என்றவர், பின்னால் வந்த குடும்பத்தைப் பார்த்து அதே மூச்சில் "வரூ சேட்டா, வரூ" என்றார். உள்ளே போகக் காசு வாங்குவதில்லை. சுற்றிப் பார்த்துவிட்டுப் பழம் வாங்கினால் போதும். தானாகப் பறிக்கக்கூடாது, கைகாட்டினால் ஆள் வெட்டித் தருவார்.

கல்தூண் நட்டு, குறுக்கும் நெடுக்கும் கம்பி கட்டி, அதன்மேல் கொடியைப் படரவிட்ட பந்தல். உயரமான ஆள் குனிந்துதான் நடக்க வேண்டும். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே பச்சை நிழல். ஒரு சின்னப் பையன் நிமிர்ந்து பார்த்தபடியே நடந்து தூணில் முட்டிக்கொண்டான். இந்த நிழலுக்கு மண்டியில் விலை கிடையாது. வியாபாரி தோட்டத்துக்கு வந்து விலை பேசி, ஆள் வைத்து வெட்டிப் பெட்டி அடுக்கிக்கொண்டு போவார். குலையின் எடைதான் கணக்கு, பந்தலின் அழகு கணக்கில் வராது. எர்ணாகுளத்திலிருந்து வந்த குடும்பமோ அந்த நிழலுக்குத்தான் வந்திருக்கிறது. அவர்கள் இரண்டு கிலோவுக்குக் கொடுக்கிற காசில் நிழலின் விலையும் ஒளிந்திருக்கிறது. மாப்பிள்ளை இதை வேறு மாதிரி சொன்னார்: "மாமா, இங்க கமிஷன் கிடையாது, லாரி வாடகை கிடையாது, பெட்டி கிடையாது. அழுகினது திரும்பி வராது. வேற என்ன வேணும்?"

கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023-இல். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-இல் இந்தக் கொடியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்கிறார்கள். குறியீடு கிடைத்ததால் விலை ஏறியதா என்று அம்மாவிடம் கேட்டேன். "பேரு பெத்த பேரு" என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் அந்தச் செய்தி வந்த பத்திரிகைத் துண்டை லேமினேட் செய்து கொட்டகைக் காலில் மாட்டியிருந்தார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் ஒரு பக்கத்து இலைகளிலெல்லாம் நீலத் திட்டு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. அடிச்சாம்பல் நோய்க்கு அடிப்பது. அந்தப் பகுதிக்குக் குறுக்கே கயிறு கட்டி ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். இந்தக் கலவைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1882-இல் பிரான்சின் போர்தோ பக்கம் திராட்சைத் தோட்டங்களை நோய் அழித்துக்கொண்டிருந்தபோது, சாலையோரக் கொடிகள் மட்டும் இலையோடு நிற்பதை மில்லார்டே என்கிற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார். விசாரித்தால், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்றுவிடுகிறார்கள் என்று, பார்த்தாலே பயப்படும்படி துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளித்திருந்தார்களாம். அதைச் சோதித்து, சரியான அளவு கண்டுபிடித்து 1885-இல் வெளியிட்டார். ஆக, வழிப்போக்கனை விரட்டப் பிறந்த மருந்து இது. சுருளிப்பட்டியில் அதே மருந்தை அடித்துவிட்டு, வழிப்போக்கனை மலையாளத்தில் வரவேற்க வேண்டியிருக்கிறது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் போகக்கூடாதா என்று ஒரு இளைஞர் கேட்டார். அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழுகிறதாம். "இன்னைக்கு வேணாம் சேட்டா, மருந்தடிச்சிருக்கு" என்று தோட்டக்காரர் கையை ஆட்டினார். இளைஞர் முகம் சுளித்தார், தோட்டக்காரர் அசையவில்லை. எனக்கு அந்த இடத்தில்தான் இது உண்மையான தோட்டம் என்று உறைத்தது. நாகமலைப் பக்கத்து 'ஃபார்ம்' என்னை ஒருநாளும் 'இன்னைக்கு வேணாம்' என்று சொல்லாது. அங்கே வேலை என்று ஒன்று நடந்தால்தானே தடுப்பதற்கு? விளைகிற நிலம் ஆண்டில் பல நாள் வெளியாளை உள்ளே விட முடியாத நிலமாகத்தான் இருக்கும். அந்த நாட்களை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது எல்லாம்.

தோட்டக்காரரோடு பம்புசெட் மேடையில் உட்கார்ந்தோம். ஐம்பது தாண்டியவர். பேச்சு கவாத்துக்கு வந்தது. கொடியின் கிளைகளை வெட்டிவிட்டால் புதுத்தளிர் விட்டு, பூத்துக் காய்த்துப் பழுக்க ஏறக்குறைய நாலு மாதம். இந்த மண்ணும் தண்ணீரும் தரும் சௌகரியத்தில் ஒவ்வொருவரும் வெவ்வேறு நாளில் கவாத்து செய்வதால், வருசம் பூராவும் பள்ளத்தாக்கில் ஏதாவதொரு தோட்டத்தில் பழம் இருக்கும். அதுதான் கம்பத்தின் பலம். முன்பெல்லாம் கவாத்து நாளை முடிவு செய்தது மழையும் மண்டி விலையும். இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது.

"கிறிஸ்மஸுக்கு ஆள் வரும். சபரிமல சீசனுக்குச் சாமிமாருக இந்த ரோட்டுலதான் போவாக. அப்பப் பந்தல் மொட்டையா நின்னா வண்டி நிக்காதுல்ல? அதுக்கு ஆகஸ்ட் கடைசியிலயே வெட்டணும். வெட்டினா, காய் தெரளுற நேரத்துல ஐப்பசி மழ புடிச்சுக்கும். பழம் வெடிச்சிரும், சாம்பலு ஏறும், மருந்துச் செலவு ஏறும். மழைய நெனச்சுக் கவாத்து பண்றதா, லீவ நெனச்சுப் பண்றதா, சொல்லுங்கண்ணே."

"நீங்க என்ன பண்றீங்க?" என்றேன்.

"ஒரு ஏக்கர லீவுக்கு விட்டுட்டேன். மிச்சம் மழைக்கு."

மாப்பிள்ளை தலையை ஆட்டினார், வியாபாரிக்கு வியாபாரி புரிந்த மாதிரி. பழம் வெடித்தாலும் அந்த ஓர் ஏக்கர் வாசலுக்கு ஆளை இழுத்துவிடும், மிச்சப் பந்தலின் பழம் அதே தராசில் ஏறிவிடும். நான் படித்த எந்தச் சுற்றுலாக் கொள்கையிலும் இவ்வளவு துல்லியமான கணக்கைப் பார்த்ததில்லை.

ஆள் வரத்தை நம்பியே முழுத் தோட்டத்தையும் வைக்காததற்கு அவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை முற்றியபோது, கம்பம், கூடலூர் மக்கள் ஆயிரக்கணக்கில் குமுளியை நோக்கி நடந்தார்கள். எல்லை அடைபட்டது. மேலே போக வேண்டிய காய்கறியும் நின்றது, கீழே வர வேண்டிய வண்டியும் நின்றது. 2020-இல் கொரோனா மறுபடி அதே எல்லையை அடைத்தது. "ரோட்ட ரெண்டு தடவ மூடிப் பாத்தாச்சு" என்றார். அணை யாருடையது என்ற சண்டையில் இந்தப் பந்தலும் ஒரு கட்சி என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

அந்தப் பக்கம் நாலு பெண்கள் கத்தரிக்கோல் வைத்துக் குலைகளில் நெருக்கமான பிஞ்சுகளை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கழுத்து நாள் பூராவும் மேலே பார்த்தபடி. விருந்தாளிகளுக்கு நிழல் தரும் பந்தல் இவர்களுக்குக் கழுத்துவலி தரும் பந்தல். ஒரு பெண்மணி பக்கத்தில் போய், அனுமதி கேட்காமலே அவர்களோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார். போன பிறகு ஒரு அக்கா சொன்னார்: "எங்கள யாரு கேக்குறா? குரங்கக் கண்ட மாதிரி எடுத்துட்டுப் போறாக. அழுக்குச் சட்டையோட எம் மூஞ்சி எந்த ஊருல எந்த போன்ல கெடக்கோ." வண்டிகள் கூடியதால் கூலி கூடியதா என்று கேட்டதற்கு, நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். தோட்டக்காரருக்குக் கேட்டிருக்கும். அவர் கொட்டகைப் பக்கம் நடந்துவிட்டார். இந்தச் சுற்றுலாவில் பார்க்கப்படுகிற பொருளில் பாதி இவர்கள் உழைப்பு. தராசுக் காசில் இவர்கள் பங்கு என்ன என்பதை எந்தப் போர்டும் எழுதவில்லை, எந்த மொழியிலும்.

இதே கதை தெற்கே இன்னொரு ரூபத்தில் நடக்கிறது. தென்காசி பக்கம் சுந்தரபாண்டியபுரத்தில் குற்றால சீசனையொட்டிச் சூரியகாந்தி பூக்கும். 'ரோஜா' படத்தில் பார்த்த ஊர், 'அந்நியன்' பாட்டுக்காக நடிகர்கள் முகம் வரைந்த பாறை என்று ஏற்கெனவே கேரளத்துக்கு அறிமுகமான இடம். பூத்த வயலைப் பார்த்ததும் கார்கள் நின்றன, ஆட்கள் வரப்பில் இறங்கினார்கள், பிறகு வரப்பையும் தாண்டினார்கள். சூரியகாந்தி எண்ணெய்க்கு விதைப்பது. ஒரு பூவைக் கிள்ளினால் அந்தச் செடியின் மகசூல் முழுதும் போச்சு, ஒரு செடிக்கு ஒரு பூதான். கொஞ்சகாலம் பொறுத்துப் பார்த்த விவசாயிகளில் சிலர் கயிறு கட்டி நுழைவுக் கட்டணம் வாங்க ஆரம்பித்தார்கள். திட்டிய கேமராக்காரர்களும் உண்டு. எனக்கு அது நியாயமாகவே பட்டது. திராட்சைத் தோட்டத்தில் விருந்தாளி எடுத்துப்போகிற பழம்தான் விவசாயிக்கு வருமானம். சூரியகாந்தி வயலில் அவன் எடுத்துப்போக ஒன்றும் இல்லை, மிதித்துவிட்டுப் போகத்தான் முடியும். பார்ப்பதற்கே காசு கேட்காமல் அங்கே வேறு என்ன செய்வது?

கம்பத்தில் அடுத்த கேள்வி, தங்கும் அறை. பொள்ளாச்சியில் தென்னந்தோப்புக்குள், தாண்டிக்குடியில் காப்பித் தோட்டத்துக்குள் அறைகள் வந்துவிட்டன. தமிழ்நாடு அரசின் 2023 சுற்றுலாக் கொள்கையும் கிராமிய, தோட்டச் சுற்றுலாவை முன்னுரிமைப் பிரிவுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. மகாராஷ்டிரம் இதில் முன்னோடி. பாண்டுரங் தாவரே 2005 வாக்கில் பாராமதி பக்கம் தொடங்கிய முயற்சி பரவி, 2020-இல் அந்த மாநிலம் இதற்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. அவர்களுக்கும் மூத்தவர்கள் இத்தாலிக்காரர்கள். 1985-லேயே சட்டம் போட்டார்கள். 2006-இல் திருத்தி எழுதிய சட்டம் விருந்தோம்பலைவிட விவசாயமே பெரிதாக இருக்க வேண்டும் என்கிறது. அதை வருமானத்தை வைத்து அளப்பதைவிட, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவாகிறது என்பதை வைத்து அளக்கச் சொல்கிறது. பத்து விருந்தாளிகள் வரை என்றால் கேள்வியே இல்லை, அது விவசாயம்தான். வேலை நேரத்தை அளவுகோலாக்கிய அந்தப் புத்தி எனக்குப் பிடித்திருந்தது. அதை வைத்து அளந்தால் எங்கள் தேனி ரோட்டுப் போர்டுகளில் எத்தனை தேறும்?

தோட்டக்காரருக்கு இத்தாலி தூரம், மின்வாரியம் பக்கம். "மோட்டாருக்கு இலவசக் கரன்டு. அதுல இழுத்து ஒரு ரூமுக்கு லைட்டுப் போட்டா கேஸு. தனி லைன் வாங்கணும், அது கமர்சியல். வெவசாய வருமானத்துக்கு வரி இல்ல, ரூம் வாடகைக்கு உண்டுங்குறான் ஆடிட்டர். ராத்திரி தங்குறவனுக்குச் சுடுதண்ணி, டிபன். விடிகாலம் நான் மருந்தடிக்கப் போறப்ப அவன் தூங்கிட்டு இருப்பான். மெஷின் சத்தம் கேட்டா எந்திரிச்சு வந்து கத்துவான்." கொஞ்சம் நிறுத்தி, "பையன் கட்டணுங்குறான்" என்றார். பையன் கோயம்புத்தூரில் வேலை. தோட்டத்தைப் பற்றிய வீடியோக்களை அங்கிருந்தபடியே போடுவது அவன்தான். இப்போது வருகிற ஆட்களில் பாதிப் பேர் அதைப் பார்த்து வருகிறவர்கள் என்று அம்மா தராசிலிருந்தே சொன்னார். அறை விஷயத்தில் அம்மாவும் மகன் கட்சி. வீட்டுக்குள் அது இன்னும் முடியாத பஞ்சாயத்து.

ஆறு கிலோ வாங்கினோம். மாப்பிள்ளை பழக்கதோஷத்தில் பேரம் பேசப்போய், "தம்பி, நீங்க வாழக்காயக் குடுக்குறப்ப கொறைப்பீகளா?" என்று அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

போக நினைக்கிறவர்களுக்கு: ஆரப்பாளையத்திலிருந்து கம்பம், குமுளி பஸ் அடிக்கடி உண்டு. காளவாசல் பக்கம் இருப்பவர்கள் அங்கேயே கைகாட்டி ஏறலாம், உட்கார இடம் கிடைக்காது. கம்பத்தில் இறங்கிச் சுருளி ரோட்டிலோ கூடலூர் ரோட்டிலோ ஆட்டோ பிடித்தால் தோட்டங்கள் வரிசையாக வரும். எந்தப் பந்தலில் பழம் இருக்கிறது என்று ஆட்டோக்காரருக்கே தெரியும், கமிஷனும் உண்டு. ஐப்பசி மழைக் காலத்தில் பழத்தில் இனிப்பு குறையும். என்றைக்கு மருந்து அடித்தார்கள் என்று கேளுங்கள், நல்ல தோட்டக்காரர் ஒளிக்கமாட்டார். பழத்தைக் கழுவாமல் பந்தலுக்கடியிலேயே வாயில் போடாதீர்கள். வேலை செய்கிறவர்களைப் படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். மதுரை திரும்பும் வரை பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மேலே கம்பியில் வைத்து, உசிலம்பட்டியில் முன்சீட்டுக்காரர் சட்டையில் சாறு சொட்டி, ஒரு கிலோவை அவருக்கே கொடுக்க வேண்டியதாகிவிட்டது.